ஒரே அளவில் நான்கு துவக்குகள்

1850 வாக்கில் இலங்கைக் காட்டுக்குள் யானை வேட்டைக்குப் போகணும்னா என்ன துப்பாக்கி எடுத்துட்டுப் போவீங்க?

சாமுவேல் பேக்கர் எழுதிய பழைய இலங்கை வேட்டை நூலைப் படித்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. துப்பாக்கி விஷயத்தில் என் அனுபவம், கல்லூரி என்.சி.சி.யில் சுட்ட ஐந்து ரவுண்டுதான். ஆனாலும் அந்த மனுஷன் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும் விதம் ஒரு எஞ்சினியருக்கு நன்றாகவே புரிகிறது. கொஞ்சம் உறுத்துவதும் அதுதான்.

பின்னாளில் ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியைக் கண்டதற்காகப் பேசப்பட்ட அதே பேக்கர்தான். 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் பண்ணை வைத்திருந்தார். அப்போது எல்லாமே வாய்வழியாகக் கெட்டிக்கிற துப்பாக்கிகள். நம்ம ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்போம். ஈழத்தில் 'இடியன் துவக்கு' என்பார்கள். பொருத்தமான பெயர். குழல் வாயில் மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து இறக்கி, பின்பக்கம் கேப் மாட்டினால்தான் ஒரு வெடி.

முதல் கேள்வி, குழல் எவ்வளவு பெரிசு? அந்தக் காலத்து அளவு 'போர்' எண். ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை குண்டு வார்க்கலாமோ, அதுதான் எண். 10 போர் என்றால் ஒரு குண்டு சுமார் 45 கிராம், விட்டம் 20 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எண் குறையக் குறைய குண்டு பெருக்கும். இன்றைய ராணுவ 5.56 தோட்டாவின் குண்டு 4 கிராம் சொச்சம்தான்.

ஏன் இவ்வளவு பெரிசு? உருண்டைக் குண்டில் விட்டத்தை முடிவு பண்ணினால் எடையும் முடிவாகிவிடுகிறது. கனம் வேண்டும் என்றால் குழலைப் பெரிதாக்குவது தவிர வழியில்லை. யானையின் மண்டையோடு தடிமனானது, உள்ளே காற்றறைகள் நிறைந்தது, மூளை ஆழத்தில் இருக்கிறது. லேசான குண்டு வழியிலேயே நின்றுவிடும்.

பேக்கர் 1840லேயே, 19 வயதில், பிரிஸ்டல் நகரின் கிப்ஸிடம் ஒரு ரைஃபிள் செய்யச் சொன்னார். எடை 21 பவுண்டு, அதாவது ஒன்பதரை கிலோ. குழல் நீளம் 36 அங்குலம். ஒரு வெடிக்கு 16 டிராம் மருந்து, ஏறக்குறைய 28 கிராம். உருண்டைக் குண்டு 3 அவுன்ஸ், கூம்புக் குண்டு 4 அவுன்ஸ்.

அந்த உருண்டைக் குண்டில் ஒரு நல்ல டிசைன் இருக்கிறது. சாதாரண ரைஃபிளில் மருந்தை அதிகமாகப் போட்டால் குண்டு புரியைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு வெளியே போய்விடும். இதில் குழலுக்குள் இரண்டே புரிகள். குண்டின் இடுப்பில் ஒரு பட்டை. பட்டை புரிக்குள் உட்கார்ந்துவிடுவதால், எவ்வளவு மருந்து போட்டாலும் குண்டு சுழன்றுதான் ஆகணும்.

அப்படின்னா இந்தப் பெரிய துப்பாக்கிதான் அவருடைய சிபாரிசா? இல்லை. அனுபவத்துக்குப் பிறகு அவர் சொல்வது, இலங்கைக்கு நான்கு இரட்டைக்குழல் ரைஃபிள்கள் போதும், 10 முதல் 12 போருக்குள் இருக்கட்டும் என்பது. ஒரே நிபந்தனை, நான்கும் ஒரே அளவாக இருக்கணும்.

காரணம், நேரம். எட்டு வெடிக்குப் பிறகு காட்டுக்குள் நின்றபடி மருந்து, குண்டு, கம்பி, கேப் என்று ஒவ்வொன்றாக முடிக்கணும். பதற்றத்தில் 12 போர் குண்டை 10 போர் குழலில் போட்டால் லொடலொடவென்று கிடக்கும். மாற்றிப் போட்டால் வாயிலேயே சிக்கிக்கொள்ளும். ஒரே அளவென்றால் எந்தக் குண்டும் எந்தக் குழலுக்கும் சரி. எங்கள் துறையில் இதற்கு 'இன்டர்ஃபேஸ்' என்று பெயர் வைத்து மீட்டிங் போடுவோம்.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு பாகம், மனிதன். ஒன்று கையில் இருக்க, மற்ற மூன்றையும் பின்னால் நிற்கும் உள்ளூர் ஆட்கள் தூக்கி வந்தார்கள். யானை பாய்ந்து வரும்போது அவர்கள் நின்று அடுத்ததை நீட்டினால்தான் வேட்டைக்காரன் பிழைப்பான். புத்தக அட்டையில் அவர்கள் பெயர் இல்லை.

சரி, உறுத்தலுக்கு வருவோம். இலங்கை யானைகளில் நூற்றுக்கு ஒன்றுக்குக்கூடத் தந்தம் இருக்காது என்று அங்கே காலனிச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதினார். ஆக, தந்தத்துக்காக நடந்த வேட்டை இல்லை. வாலை அறுத்துக்கொண்டு உடலைப் போட்டுவிட்டு வருவார்கள். வயலை அழிக்கிறது என்று அரசாங்கம் தலைக்குச் சில ஷில்லிங் பரிசும் கொடுத்தது. பயிர்ச்சேதம் பொய்யில்லை. ஆனால் டெனன்ட் தரும் கணக்கைப் பாருங்கள்: 1848க்கு முந்தைய மூன்று வருஷத்துக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள். 1851 முதல் 1856 வரை, காலிக்கும் அம்பாந்தோட்டைக்கும் இடையே 2,000. மேஜர் ரோஜர்ஸ் என்ற ஒரே ஆள் 1,400க்கு மேல் சுட்டதாகச் சொல்கிறார்கள். அவர் 1845ல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார்.

பேக்கரின் தேர்வில் தொழில்நுட்பப் பிழை ஒன்றுமில்லை. எடை, நேரம், பதற்றம், ஆள் பலம் எல்லாத்தையும் யோசித்திருக்கிறார். எதுக்குச் சுடணும் என்பது மட்டும் அந்தப் பட்டியலில் வரவே இல்லை. நானும் இருபது வருஷமாக, கொடுத்த வேலையைக் கச்சிதமாக முடித்துவிட்டு, அது எதுக்கு என்று கேட்காமல் வீட்டுக்கு வந்தவன்தான்.

அதே காடுகளில், அதே வருஷங்களில், வடக்கிலும் கிழக்கிலும் இருந்த சோனகப் பணிக்கர்கள் தோல் கயிற்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். யானையின் பின்னாலேயே ஓசையில்லாமல் நடந்து, பின்னங்காலில் சுருக்கு மாட்டி, மறுமுனையை மரத்தில் கட்டிவிடுவார்கள். பிடித்ததில் பல யானைகள் பழக்கும்போது செத்தும் போயின, அதையும் சொல்லணும். ஆனால் அவர்களுக்கு யானை உயிரோடு வேண்டியிருந்தது. அந்தக் கயிற்றை எப்படித் திரித்தார்கள், என்ன தோல் என்று படித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த கட்டுரை அதுதான்.