மோனோவா, ஸ்டீரியோவா? வீட்டிலேயே பாட்டு ரெக்கார்டு பண்றீங்களா... முதல்ல இதைப் படிங்க!

ரெக்கார்டிங் ஆப்பைத் திறந்து புது ட்ராக் சேர்க்கப் போனாலே அது கேட்கிற முதல் கேள்வி, 'மோனோவா, ஸ்டீரியோவா?' என்பதுதான். பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் ஸ்டீரியோவைத் தட்டிவிடுகிறார்கள். ஒன்றைவிட இரண்டு பெரிசு என்கிற கணக்கு! ஆனால், சவுண்டில் அந்தக் கணக்கு செல்லாது. தப்பான இடத்தில் ஸ்டீரியோ போட்டால், கஷ்டப்பட்டுப் பாடிய குரல் ஒரு காதில் மட்டும் கேட்கும். இன்னும் மோசமாக, ஊர் ஸ்பீக்கரில் ஓடும்போது குரலே காணாமல்போகும்.

ஓர் உதாரணத்தை வைத்தே பேசலாம். உங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து வன்னியம்பட்டியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்கழி வரப்போகிறது. ஆண்டாள் ஊர் பக்கத்திலேயே இருந்துகொண்டு திருப்பாவை பாடாமல் இருக்க முடியுமா? 30 பாசுரங்களையும் சொந்தக் குரலில் பதிவு செய்ய முடிவெடுக்கிறீர்கள். கையில் ஒரு மைக், போனில் தம்புரா ஆப், வாசிக்க ஒரு கீபோர்டு, பக்கத்து வீட்டுத் தம்பியின் மிருதங்கம். முடித்ததும் அது யூடியூபுக்குப் போகும், சித்தியின் வாட்ஸ்அப்புக்குப் போகும், அதிகாலையில் கோயில் மைக் செட்டிலும் பாடும். மூன்று இடத்திலும் நல்லா கேட்கணும். அதுதான் சவால்.

ஸ்டீரியோன்னா தரம் இல்லை, இடம்

மோனோ என்பது ஒரே சேனல். ஸ்டீரியோ இரண்டு சேனல். இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. மோனோ ஃபைலை இயர்போனில் போட்டால் ஒரு காதில்தான் கேட்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கிடையாது. இரண்டு காதுக்கும் ஒரே சத்தம் போவதால், தலைக்கு நட்டநடுவில் யாரோ நின்று பாடுவதுபோல இருக்கும். இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் இருந்தால்தான் அது ஸ்டீரியோ. ஒரே குரலை காப்பி எடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் அது ஸ்டீரியோ ஆகாது, சத்தம்தான் கூடும்.

இது பிறந்த கதையே இதைப் புரியவைத்துவிடும். ஆலன் ப்ளம்லைன் என்கிற பிரிட்டிஷ் இன்ஜினீயர் மனைவியோடு சினிமாவுக்குப் போயிருக்கிறார். நடிகர் திரையின் ஒரு ஓரத்தில் நின்று பேச, குரலோ சம்பந்தமே இல்லாத இடத்தில் இருந்த ஸ்பீக்கரிலிருந்து வந்தது. ஆள் எங்கே நகர்கிறாரோ குரலும் அங்கே நகர வேண்டாமா என்று யோசித்தவர், 1931 டிசம்பரில் அதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆக, 'சத்தம் எங்கேயிருந்து வருது?' என்ற கேள்விக்குப் பதில்தான் ஸ்டீரியோ. 'சத்தம் எவ்வளவு நல்லா இருக்கு?' என்பது வேறு கேள்வி. அதற்கு மைக், அறை, பாடுகிறவர் என்று வேறு பதில்கள் இருக்கின்றன.

தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் சினிமாப் பாடல்கள் என்று சொல்லப்படுவது இளையராஜா இசையமைத்த 'பிரியா' படத்துப் பாடல்கள். வருஷம் 1978. அதற்கு முன்னால் கே.வி.மகாதேவன், விஸ்வநாதன் - ராமமூர்த்தி என்று நம் தாத்தா பாட்டி உருகிக் கேட்டதெல்லாம் மோனோதான். 'ஒரு சேனல்தானே இருக்கு' என்று யாரும் அந்தப் பாட்டைக் குறை சொன்னதில்லை.

குரலுக்கு மோனோ... ஏன்?

ஒரு தொண்டை, ஒரு மைக். அதில் இடது, வலது என்று எதுவும் இல்லை. அதனால் குரலை மோனோ ட்ராக்கில் எடுங்கள். ஒற்றை மைக்கில் எடுக்கும் வயலின், புல்லாங்குழல், கிட்டார் எல்லாவற்றுக்கும் இதேதான்.

வீட்டு ரெக்கார்டிங்கில் அடிக்கடி நடக்கும் விபத்து ஒன்று உண்டு. ஆடியோ இன்டர்ஃபேஸில் முதல் துளையில் மைக்கைச் செருகி, ஆப்பில் ஸ்டீரியோ ட்ராக் தேர்ந்தெடுத்துப் பாடிவிடுவார்கள். முதல் துளை இடது, இரண்டாம் துளை வலது என்று ஆப் எடுத்துக்கொள்ளும். இரண்டாவதில் எதுவும் செருகவில்லையே! திரும்பப் போட்டுக் கேட்டால் குரல் இடது காதில் மட்டும். இயர்போன் போயிடுச்சு என்று புதுசு வாங்கியவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஆகியிருந்தால் மறுபடி பாட வேண்டியதில்லை. ஆடாசிட்டியில் அந்த ட்ராக்கின் மெனுவைத் திறந்து 'ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டு மோனோ' கொடுத்து, காலியாக இருக்கும் ட்ராக்கை அழித்துவிடுங்கள். மிச்சமிருப்பது நடுவுக்கு வந்துவிடும்.

இடமும் மிச்சமாகும். சி.டி தரத்தில் (44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்) வேவ் ஃபைலாக எடுத்தால் மோனோ நிமிஷத்துக்குச் சுமார் 5.3 எம்.பி, ஸ்டீரியோ 10.6 எம்.பி. பாசுரத்துக்கு 3 நிமிஷம் என்று 30 பாசுரத்துக்குக் கணக்குப் போட்டால், குரல் ட்ராக் மட்டும் மோனோவில் 476 எம்.பி, ஸ்டீரியோவில் 950 எம்.பி-க்கும் மேல். ஒரே தடவையில் எந்தப் பாசுரமும் சரியாக அமையாது, நாலைந்து டேக் போகும். போனில் ரெக்கார்டு செய்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

இன்னொரு காரணம், அறை. ஸ்டூடியோக்களில் சுவர் சத்தத்தை உறிஞ்சும். நம் வீடுகளில் கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, நாலு பக்கமும் வெறும் சுவர். இரண்டு மைக்கைத் தள்ளி வைத்து ஸ்டீரியோ எடுத்தால் குரலோடு சேர்த்து அந்த எதிரொலியையும் அகலமாகப் பதிவு செய்கிறீர்கள். சத்திரப்பட்டி பக்கம் வீடு என்றால் பேண்டேஜ் துணி நெய்யும் தறிச் சத்தமும் இலவசம்! ஒரே மைக், வாயிலிருந்து ஒரு சாண் தூரம், பின்னால் ஒரு கனமான போர்வை அல்லது துணி நிறைந்த பீரோ, ஃபேன் ஆஃப். வீட்டில் இதைவிட நல்ல செட்டப் கிடையாது.

தம்புராவை ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு பாடாதீர்கள். குரல் மைக்கில் அதுவும் சேர்ந்து பதிவானால் பிறகு பிரிப்பது பெரும்பாடு. இயர்போனில் கேட்டுப் பாடுங்கள், அதுவும் வயர் உள்ளது. புளூடூத் பட்ஸின் மைக்கை ஆன் செய்தால் பெரும்பாலான போன்கள் அதை 'கால் பேசும்' முறைக்கு மாற்றிவிடும். குரல் போனில் பேசுவதுபோலச் சுருங்கும், கேட்கிற சத்தமும் மோனோவாகி, தரம் இறங்கிவிடும். சத்தம் காதுக்கு வரும் தாமதம் வேறு தாளத்தைக் கெடுக்கும்.

ஸ்டீரியோ எங்கே அழகு?

எதற்கெல்லாம் நிஜமாகவே அகலம் இருக்கிறதோ, அங்கே. மார்கழியில் தெருவில் பஜனை போகிறது. இந்தக் கோடியில் கேட்க ஆரம்பித்து, உங்கள் வாசலைத் தாண்டி, அந்தக் கோடியில் மறைகிறது. அதை மோனோவில் எடுத்தால் சத்தம் கூடிக் குறையும், அவ்வளவுதான். ஸ்டீரியோவில் எடுத்தால் கண்ணை மூடிக் கேட்பவருக்கு ஜால்ரா இடது காதிலிருந்து வலது காதுக்கு நடந்து போகும். போனில் எடுப்பதாக இருந்தால் அது ஸ்டீரியோ எடுக்கிற மாடலா என்று பாருங்கள். ஆம் என்றால் படுக்கவைத்த வாக்கில் பிடியுங்கள். பல போன்களில் ஒரு மைக் அடியிலும் ஒன்று மேலேயும் இருக்கும். நிமிர்த்திப் பிடித்தால் இடது-வலது என்பது மேல்-கீழ் ஆகிவிடும்.

நாலைந்து பேர் சேர்ந்து பாடும் கோஷ்டி, குடம், உடுக்கை, கட்டை என்று பரந்து உட்கார்ந்திருக்கும் வில்லுப்பாட்டுக் குழு, இவையும் ஸ்டீரியோவுக்கு ஏற்றவை. ஒரே மாதிரியான இரண்டு மைக் இருந்தால் அவற்றின் தலைகளை ஒட்டிவைத்து, ஒன்று இடப்பக்கமும் ஒன்று வலப்பக்கமும் பார்க்கிற மாதிரி 90 டிகிரி கோணத்தில் நிறுத்துங்கள். 'எக்ஸ்-ஒய்' முறை என்று பெயர். இரண்டு மைக்கும் ஒரே இடத்தில் இருப்பதால் சத்தம் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். அது ஏன் முக்கியம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

கீபோர்டில் பியானோ, ஸ்ட்ரிங்ஸ் மாதிரியான டோன்கள் பெரும்பாலும் ஸ்டீரியோவாகவே செய்யப்பட்டவை. குரலும் கீபோர்டும் மட்டும்தான் பாட்டு என்றால் கீபோர்டை ஸ்டீரியோவில் எடுங்கள், குரலுக்குச் சுற்றிலும் இடம் கிடைக்கும். நிறைய வாத்தியம் இருந்தால் கீபோர்டையும் மோனோவாக்கி ஒரு பக்கம் ஒதுக்குவது மேல். பின்பக்கம் 'எல்/மோனோ' என்று எழுதிய துளை இருந்தால் அதில் மட்டும் வயரைச் செருகினால் போதும். எல்லாமே அகலமாக இருந்தால் எதுவுமே அகலமாகத் தெரியாது.

மிருதங்கத்துக்கு வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என்று இரண்டு மைக் வைப்பதுண்டு. நல்ல முறைதான். ஆனால், அந்த இரண்டையும் கடைசி இடது, கடைசி வலதுக்குத் தள்ளிவிட்டால் மிருதங்கம் உங்கள் வீட்டு ஹால் அகலத்துக்கு வளர்ந்துவிடும்! கொஞ்சமாக விலக்குங்கள். ஒரே மைக்தான் இருக்கிறது என்றால் வாத்தியத்துக்கு எதிரே ஒன்றரை அடி தள்ளி வைத்து மோனோவில் எடுத்தாலும் பாட்டுக்குத் தாராளமாகப் போதும்.

எல்லா மோனோ ட்ராக்கையும் சேர்க்கும்போதுதான் ஸ்டீரியோ உருவாகிறது. ஆப்பில் ஒவ்வொரு ட்ராக்குக்கும் 'பான்' என்றொரு குமிழ் இருக்கும். குரல் நடுவில், மிருதங்கம் கொஞ்சம் வலதில், புல்லாங்குழல் கொஞ்சம் இடதில் என்று உட்காரவைப்பது அதன் வேலை. ராஜபாளையம் பஸ்ஸில் ஒரே இயர்போனை ஆளுக்கு ஒரு காதாகப் பங்கு போட்டுக் கேட்பவர்களை நினைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். ஒருவருக்குக் குரல், இன்னொருவருக்கு வெறும் தாளம் என்று ஆகிவிடக் கூடாது. பீட்டில்ஸின் முதல் ஆல்பத்தின் (1963) ஸ்டீரியோ பதிப்பைக் கேட்டால் இது புரியும். வாத்தியமெல்லாம் ஒரு பக்கம், குரலெல்லாம் மறுபக்கம்!

மோனோவில் கேட்டுப் பார்த்தீங்களா?

என்னைக் கேட்டால், இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். நீங்கள் ஸ்டீரியோவில் முடித்துக் கொடுத்தாலும், கேட்பவர்களில் நிறைய பேர் மோனோவில்தான் கேட்கிறார்கள். ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போன், சின்ன புளூடூத் ஸ்பீக்கர், கோயில் மைக் செட், எல்லாமே மோனோ. பந்தலின் இரண்டு பக்கமும் பாக்ஸ் கட்டியிருந்தாலும் பெரும்பாலும் ஒரே சத்தம்தான் இரண்டுக்கும் போகிறது. எஃப்.எம் ரேடியோகூட சிக்னல் குறைந்தால் இரைச்சலைக் குறைக்கத் தானாக மோனோவுக்கு மாறிக்கொள்ளும்.

அப்போது இடது, வலது இரண்டும் கூட்டப்படும். கூட்டினால் சத்தம் ஏறத்தானே வேண்டும்? எப்போதும் இல்லை. ஊஞ்சலை எதிரெதிரே நின்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் தள்ளினால் என்ன ஆகும்? நின்ற இடத்தில் நிற்கும். சத்தமும் அதிர்வுதான். ஒரு பக்க அலை மேலே போகும்போது மறுபக்க அலை கீழே வந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரே குரலை இரண்டு மைக்கில் எடுத்து, ஒரு மைக் இன்னொன்றைவிட 34 செ.மீ தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். அங்கே சத்தம் ஒரு மில்லி செகண்ட் தாமதமாகப் போய்ச் சேரும். இரண்டையும் சம அளவில் கூட்டினால் 500 ஹெர்ட்ஸ், 1,500 ஹெர்ட்ஸ், 2,500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக ஓட்டை விழும். எல்லாம் குரலின் உயிர் இருக்கிற இடம். பானைக்குள் தலையை விட்டுப் பாடுவதுபோல இருக்கும். எக்ஸ்-ஒய் முறையில் மைக்குகளை ஒட்டிவைக்கச் சொன்னது இதனால்தான். இரண்டு பேருக்கு இரண்டு மைக் என்றால், வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல மூன்று மடங்கு இடைவெளியாவது மைக்குகளுக்கு நடுவே விடுங்கள். வாயிலிருந்து 20 செ.மீ என்றால் மைக்குகளுக்கு நடுவே 60 செ.மீ.

'ஸ்டீரியோ வைடனர்' என்று ஆப்களில் வரும் எஃபெக்ட்களிடம் ஜாக்கிரதை. அவற்றில் சில, ஒரு பக்கத்து அலையைத் தலைகீழாகத் திருப்பித்தான் அகலத்தைக் காட்டுகின்றன. இயர்போனில் பிரமாதமாக இருக்கும். மோனோவில் கூட்டினால் ஒன்றையொன்று விழுங்கிவிடும். குரலுக்கு அதைப் போட்டிருந்தால் மார்கழிக் காலையில் ஊர் முழுக்க தம்புராவும் மிருதங்கமும் மட்டும் கேட்கும். குரல் பெரிசாக வேண்டும் என்றால் அதே பாசுரத்தை இன்னொரு தடவை பாடி, இரண்டு டேக்குகளையும் இடம், வலமாகக் கொஞ்சம் விலக்கி வையுங்கள். இரண்டும் வேறு வேறு டேக் என்பதால் மோனோவில் கூட்டினாலும் பெரிய சேதம் வராது.

சோதிப்பது சுலபம். உங்கள் போனின் செட்டிங்ஸில் 'ஆக்சஸிபிலிட்டி' பகுதிக்குள் 'மோனோ ஆடியோ' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். ஒரு காது கேட்காதவர்களுக்கு இரண்டு பக்கத்துச் சத்தமும் நல்ல காதிலேயே கிடைக்கட்டும் என்று வைத்த வசதி அது. உங்கள் பாட்டை எப்போதும் மோனோவில் மட்டுமே கேட்கப்போகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. அதை ஆன் செய்து கேளுங்கள். குரல் தேய்ந்தாலோ, ஏதாவது வாத்தியம் மறைந்தாலோ அந்த ட்ராக்கில் கோளாறு. முதலிலேயே மோனோவில் வைத்துச் சத்த அளவுகளைச் சரிசெய்துவிட்டு, அப்புறம் இடம், வலம் என்று விரித்தால் வேலை பாதியாகும்.

ஃபைலை வெளியே எடுக்கும்போது யூடியூபுக்கு ஸ்டீரியோ கொடுங்கள். சித்திக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வாய்ஸ் நோட்டாக மறுபடி ரெக்கார்டு செய்து அனுப்பாமல் 'டாக்குமென்ட்'டாக இணையுங்கள், தரம் அப்படியே போகும். மைக் செட் அண்ணனுக்குக் கொடுக்கும் பென் டிரைவில் மோனோ பிரதி ஒன்றைத் தனியாகப் போட்டு, ஃபைல் பெயரிலேயே 'மோனோ' என்று எழுதிவிடுங்கள். சில ஆம்ப்ளிஃபயர்களில் இடது சேனல் வயரை மட்டும் கட்டியிருப்பார்கள். ஸ்டீரியோ பிரதியைப் போட்டால், வலதுபக்கம் நீங்கள் உட்காரவைத்த மிருதங்கம் பாதிக்குமேல் காணாமல்போயிருக்கும்.