தொப்பிக் கடைக்காரர் சுமந்த பாரம்

தேன் எடுக்கிறவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று நம் பக்கத்தில் ஒரு பழமொழி உண்டு. பொதுப் பணத்தைத் தொட்டவர்களையெல்லாம் சந்தேகக் கண்ணோடு பார்த்துப் பழகிய உலகம் செய்து வைத்த பழமொழி அது. கோயில் தர்மகர்த்தாவானாலும் சரி, கூட்டுறவுச் சங்கத்துக் காரியதரிசியானாலும் சரி, அதன் வாயில் விழாமல் தப்பியவர்கள் குறைவு. ஆனால், புறங்கையை நக்காத ஒரு மனிதனுக்கு என்ன நேருகிறது என்பதை அந்தப் பழமொழி சொல்வதில்லை. அதைச் சரித்திரத்திடம்தான் கேட்க வேண்டும்.

அமெரிக்காவின் ஒஹாயோ ராஜ்யத்தில் பெயின்ஸ்வில் என்று ஓர் ஊர். 1830-ஆம் ஆண்டில் அங்கே எட்வர்டு பார்ட்ரிட்ஜ் என்பவர் தொப்பி செய்து விற்றுக்கொண்டிருந்தார். தொழில் நன்றாக நடந்தது. வீடு, நிலம், மனைவி லிடியா, பெண் குழந்தைகள் என்று நிறைவான குடும்பம். அவர் சொன்ன சொல்லுக்கு ஊரில் மதிப்பு இருந்தது.

அதே ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி, நியூயார்க் ராஜ்யத்தில் ஜோசப் ஸ்மித் என்ற இருபத்து நாலு வயது வாலிபர் ஒரு புதிய சபையைத் தொடங்கியிருந்தார். அவர் வெளியிட்ட 'மார்மன் நூல்' என்ற வேதத்தை வைத்து, அச்சபையாரை மார்மன்கள் என்று உலகம் அழைக்கலாயிற்று. புதிய மதத்தின் செய்தி ஒஹாயோவுக்கு வந்தபோது, பார்ட்ரிட்ஜ் உடனே நம்பிவிடவில்லை. நேரில் பார்த்து வரப் புறப்பட்டார். பொய் சொல்லாத மனிதர் போகிறார், பார்த்ததை உள்ளபடி வந்து சொல்வார் என்று அக்கம்பக்கத்தாரும் காத்திருந்தார்கள். போனவர் அங்கேயே ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டார்!

1831 பிப்ரவரி 4-ஆம் தேதி அவரைத் தங்கள் முதல் பிஷப்பாக நியமித்தார்கள். பிஷப் என்றதும் நம் மனக்கண்ணில் பட்டு அங்கியும், கையில் செங்கோலும், பெரிய பங்களாவும் தோன்றுகின்றன அல்லவா? அவற்றையெல்லாம் அழித்துவிடுங்கள். இந்தப் பிஷப்புக்கு வயது முப்பத்தேழு. வேதசாஸ்திரக் கல்லூரி எதிலும் அவர் படித்ததில்லை. வியாபாரத்தை விட்டுவிட்டு முழு நேரமும் சபைக் காரியத்தில் செலவிட வேண்டும் என்று ஜோசப் ஸ்மித் மூலமாகத் தெய்வக் கட்டளை பிறந்தது. தொப்பிக் கடைக்காரர் கணக்குப் புத்தகத்தை மூடினார். அதைவிடப் பெரிய கணக்குப் புத்தகம் ஒன்று அவருக்காகத் திறந்து கிடந்தது.

மிசௌரி ராஜ்யத்தில் இண்டிபெண்டன்ஸ் என்ற எல்லைப்புற ஊரை ஒட்டித் தங்கள் புண்ணிய நகரத்தை அமைக்க மார்மன்கள் எண்ணினார்கள். அங்கே வருகிற ஒவ்வொருவரும் தம் சொத்து முழுவதையும் பிஷப்பின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். குடும்பம் எத்தனை பேர், தேவை என்ன என்று பார்த்து, ஒரு பங்கைப் பிஷப் அவர்களுக்குத் திருப்பித் தருவார். மிஞ்சுவது ஏழைகளுக்காகப் பண்டகசாலைக்குப் போகும். கட்டில், படுக்கை, துணிமணி, உழவுக் கருவி, மாடு என்று ஒன்று விடாமல் பத்திரத்தில் எழுதினார்கள்.

எழுதிக் கொடுத்தவர்களின் பக்தியை மெச்சலாம். ஆனால், பத்திரத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். உனக்கு இத்தனை ஏக்கர் போதும், உனக்கு ஒரு மாடு போதும் என்று அடுத்த வீட்டுக்காரனிடம் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு, ஞாயிற்றுக்கிழமை அவன் பக்கத்திலேயே அமர்ந்து பிரார்த்தனையும் செய்ய வேண்டும்! ஐம்பது டாலர் கொடுத்திருந்த ஒருவர் மனம் மாறி, பிஷப்பின் மீது வழக்குப் போட்டு, தமக்குச் சாதகமாகத் தீர்ப்பும் பெற்றார்.

இந்தச் சிக்கலைத் தலைவரே உணர்ந்துதான் இருந்தார். 1833 ஜூன் 25-ஆம் தேதி ஜோசப் ஸ்மித் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்பதைப் பிஷப்பே தீர்மானிப்பதென்றால், அரசனுக்கும் இல்லாத அதிகாரத்தை அவருக்குக் கொடுத்ததாகும். அவரவர் கேட்பதையெல்லாம் பிஷப் கொடுத்துத்தான் தீர வேண்டும் என்றால், குழப்பம் உண்டாவதோடு அவர் அடிமையாகவும் ஆகிவிடுவார். ஆகவே இருவரும் மனமொத்து முடிவு செய்ய வேண்டும். ஒத்துவராவிட்டால் பிஷப் இடம்பெறாத பன்னிருவர் சபை விசாரிக்க வேண்டும் என்பது கடிதத்தின் சாரம்.

அரசனா, அடிமையா? ஊர்ப் பொறுப்பை ஏற்ற எவரும் ஒரு நாளாவது கேட்டுக்கொள்ளும் கேள்விதான் இது. அந்தக் கடிதம் எழுதப்பட்ட அதே நாளில் பார்ட்ரிட்ஜுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைக்கு ஒரு மாதம் நிறைவதற்குள் வேறொரு கூட்டம் அவர் வீட்டுக்கு வந்துவிட்டது.

அவ்வூரில் முன்பே குடியேறியிருந்தவர்களுக்கு மார்மன்களைக் கண்டு அச்சம். இந்தப் பூமி எங்களுக்கென்று ஆண்டவன் அளித்தது என்று பேசிக்கொண்டு நூற்றுக்கணக்கில் வந்து குவிகிறார்களே. நாளை நம் நிலமும் தேர்தலும் இவர்கள் கைக்குப் போய்விடாதா என்று பயந்தார்கள். மிசௌரியில் அடிமை முறை நடந்துகொண்டிருந்த காலம் அது. சுதந்திரமான நீக்ரோக்களை மார்மன்கள் வரவழைக்கப் போகிறார்கள் என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. 1833 ஜூலை 20-ஆம் தேதி கூட்டம் திரண்டு மார்மன்களின் அச்சகத்தை இடித்துத் தள்ளியது. பார்ட்ரிட்ஜை வீட்டிலிருந்து இழுத்துப் போய், நடுச் சதுக்கத்தில் நிறுத்தி, உடம்பெல்லாம் தாரைப் பூசி, அதன் மேல் இறகுகளைக் கொட்டினார்கள். அவர் திட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. அந்தப் பொறுமையைக் கண்டு கூட்டமே திகைத்து, தம்மைப் பேசாமல் போக விட்டுவிட்டது என்று அவரே பின்னால் எழுதியிருக்கிறார். மூன்று நாள் கழித்துக் கூட்டம் மறுபடி வந்தபோது, மற்றவர்களை விட்டுவிடுங்கள், எங்களை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று முன்னால் போய் நின்ற அறுவரில் அவரும் ஒருவர். அந்த ஆண்டு முடிவதற்குள் மார்மன்கள் அந்த மாவட்டத்தை விட்டே விரட்டப்பட்டார்கள்.

1838-ல் மிசௌரி கவர்னர் அவர்களை ராஜ்யத்திலிருந்தே துரத்த உத்தரவிட்டார். சிறை, குளிர், நடை எல்லாவற்றையும் அனுபவித்து, இல்லினாய் ராஜ்யத்தில் நாவூ என்ற ஊருக்குப் பார்ட்ரிட்ஜ் வந்து சேர்ந்தார். அங்கே 1840 மே 27-ஆம் தேதி, நாற்பத்தாறாவது வயதில் காலமானார். ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் பிறர் சொத்தெல்லாம் அவர் கை வழியாகப் போயிற்று. கடைசியில் தொப்பிக் கடை வைத்திருந்த காலத்து வசதி கூட அவரிடம் இல்லை. புறங்கையை நக்காத மனிதனின் கதை இதுதான்.

ஒரு மனிதனை இப்படி முழுவதும் விழுங்கிவிடுகிற பதவி நிலைக்குமா? நிலைக்காது. ஆகவே பாரத்தைப் பங்கிட வழி தேடினார்கள். நாவூ நகரசபையின் வார்டுகளை ஒட்டி, பகுதிக்கு ஒருவராகப் பிஷப்புகளை வைத்தார்கள். நாம் நகரசபைத் தேர்தலில் கேட்கிற அதே 'வார்டு'தான் இன்று வரை ஒரு மார்மன் சபையின் பெயர்! 1844-ல் ஜோசப் ஸ்மித் சிறையில் கொல்லப்பட்டார். பிரிகாம் யங்கின் தலைமையில் மேற்கே போனவர்கள் 1847-ல் உப்பேரிப் பள்ளத்தாக்கை அடைந்தார்கள். 1849-ல் சால்ட் லேக் நகரம் 19 வார்டுகளாகப் பிரிக்கப்பட்டது. வார்டுக்கு ஒரு பிஷப்.

அந்தப் பாலைநிலத்தில் பிஷப் என்றால், நம் கிராமத்துக் கர்ணமும் மணியக்காரரும் பஞ்சாயத்தாரும் ஒரே ஆளாகச் சேர்ந்தது போல. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தசமபாகம். காசு அருமையான காலமாதலால் அது முட்டையாகவும் வெண்ணெயாகவும் வைக்கோலாகவும் வந்தது. கொடுக்க ஒன்றுமில்லாதவன் பத்து நாளில் ஒரு நாள் உடலுழைப்பைத் தந்தான். வாய்க்கால் தண்ணீர்த் தகராறுகூட அவரிடம்தான் வந்தது. சேர்ந்த தசமபாகத்தில் சிறு பங்கு பிஷப்புக்கு உண்டு என்ற ஏற்பாடும் சில காலம் இருந்து, பிறகு மறைந்தது.

சம்பளமில்லாத குடும்பஸ்தர்களையே நம்பி நடக்கும் இந்தப் பழக்கம் நம் சென்னைக்கும் ஒரு முறை வந்து போயிற்று. 1849 டிசம்பரில் சால்ட் லேக்கில் தம் சொந்த வீட்டிலேயே குழந்தைகளுக்கு முதல் ஞாயிறு பள்ளி நடத்திய ரிச்சர்டு பாலண்டைன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், 1853-ல் சென்னைக்கு வந்து இறங்கினார். ஓராண்டு பிரசங்கம் செய்தார். துண்டுப் பிரசுரங்கள் அச்சிட்டார். சேர்ந்தவர்கள் மிகச் சிலரே. திரும்பிப் போய்விட்டார். பல வார்டுகள் சேர்ந்த பெரிய அமைப்பு இருக்கும் இடத்தில்தான் பிஷப் உண்டு; அத்தகைய அமைப்பு இந்தியாவில் முதன்முதலாக ஹைதராபாத்தில் ஏற்பட்டது 2012-ல்தான்.

இன்றைய மார்மன் பிஷப் யார்? பல் டாக்டராக இருக்கலாம், பள்ளி ஆசிரியராக இருக்கலாம், குழாய் ரிப்பேர் செய்கிறவராகவும் இருக்கலாம். பகலெல்லாம் சொந்த வேலை. மாலையிலும் ஞாயிறன்றும் சில நூறு பேரின் சுக துக்கம். சம்பளம் கிடையாது. உதவிக்கு இரண்டு ஆலோசகர்கள், ஒரு குமாஸ்தா. அவர்களுக்கும் சம்பளம் கிடையாது. மாதம் ஒரு ஞாயிறு சபையார் இரண்டு வேளை உபவாசமிருந்து, மிஞ்சிய செலவைக் காணிக்கையாகத் தருகிறார்கள். அதிலிருந்து யாருக்கு வாடகை, யாருக்கு மளிகை என்று முடிவு செய்வது அவர் பொறுப்பு. அடுத்த தெருக்காரனுக்கு வேலை போனதும் அவருக்குத் தெரியும். அவன் குடிப்பதும் தெரியும். தெரிந்ததை மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது.

குறைகள் இல்லாமலில்லை. பெண்கள் இந்தப் பதவிக்கு வர முடியாது. 1842-லேயே பெண்கள் நிவாரணச் சங்கம் அமைத்து ஏழை வீடுகளுக்கு நடையாய் நடந்தவர்கள் அவர்கள். இருந்தும் முடிவு ஆண் கையில்தான். கறுப்பு இனத்து ஆண்களுக்கும் 1978 வரை குருத்துவம் மறுக்கப்பட்டிருந்தது. மேலும், கடும் பாவங்களை அவரிடம்தான் அறிக்கையிட வேண்டும். மனநோய்க்கும் பாவத்துக்கும் வித்தியாசம் காணப் பயிலாத ஒருவர், நல்லெண்ணம் ஒன்றையே துணையாகக் கொண்டு தீர்ப்புச் சொன்னால் என்ன ஆகும்? மூடிய கதவுக்குள் சிறுவர் சிறுமியரைத் தனியே விசாரிப்பது பற்றிக் கண்டனம் எழுந்த பிறகு, அவர்கள் விரும்பினால் பெரியவர் ஒருவர் உடனிருக்கலாம் என்று 2018-ல் விதி செய்தார்கள். அரசனின் நிழல் அந்த நாற்காலியை விட்டு முழுவதும் அகன்றுவிடவில்லை.

ஆயினும், அந்தச் சபை அனுபவத்தில் கற்றுக்கொண்ட ஒரு நல்ல வழக்கத்தை நாம் கவனிக்கத்தான் வேண்டும். முற்காலத்தில் ஒரே பிஷப் பல பத்தாண்டுகள் வீற்றிருந்ததுண்டு. இப்போது சுமார் ஐந்து ஆண்டுகள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நன்றி சொல்லி அவரை விடுவிக்கிறார்கள். சபையார் வலது கையை உயர்த்திப் புதியவரை ஏற்கிறார்கள். பழையவர் மேடையிலிருந்து இறங்கி, மனைவி மக்களோடு பெஞ்சில் உட்காருகிறார். மறு வாரமே குழந்தைகள் வகுப்புக்குப் பாடம் சொல்லித்தரும்படி அவரைக் கேட்கலாம். அவரும் போய்ச் சொல்லித்தருவார். பதவியில் ஏறத் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இறங்குவதற்குப் படி கட்டி வைத்த ஊர்கள்தான் குறைவு.

பெயின்ஸ்வில் தொப்பிக் கடைக்காரருக்கு அந்தப் படி கிடைக்கவில்லை. அவரை விடுவித்தது மரணந்தான். பின்னால் வந்த ஆயிரக்கணக்கான பல் டாக்டர்களும் பள்ளி ஆசிரியர்களும், சுமையை அடுத்தவன் தோளில் மாற்றிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் கவலையில்லாமல் வீடு திரும்புகிறார்களே, அந்த நிம்மதிக்கு முதல் விலை கொடுத்தவர் அவர்.