பூரி வட்டாரத்துக் கலைஞர்கள்

ஒரு வட்டாரத்தின் கலை வரலாற்றை எழுதப் புகுவோர், ஓவியத்தை ஓர் இயலிலும், இசையை மற்றோர் இயலிலும், நடனத்தை வேறோர் இயலிலும் வகுத்து எழுதுவது வழக்கம். கற்பதற்கு இம்முறை எளிது. ஆனால், கலைஞர்கள் அவ்வாறு பிரிந்து வாழ்ந்தவர்களல்லர். ஒரே கோயிலின் பணியில், ஒரே ஊரின் தெருக்களில், சில வேளைகளில் ஒரே வீட்டுக் கூரையின்கீழ் அவர்கள் கூடி வாழ்ந்தனர். ஒடிசா மாநிலத்துப் பூரி வட்டாரம் இதற்குத் தக்க சான்றாகும். ஒரு கலை நலிவுற்றபோது மற்றொன்று அதனைத் தாங்கிய வரலாற்றையும், தாங்குவாரின்றி ஒரு மரபு மறைந்த வரலாற்றையும் அங்கே ஒருங்கே காணலாம்.

அந்நாட்டின் கலைப்பழமை பெரிது. புவனேசுவரத்தை அடுத்த உதயகிரியில், ராணி கும்பா என்னும் குகையில், இசைக்கருவிகள் முழங்க மங்கையொருத்தி ஆடும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. அதே குன்றிலுள்ள ஹாத்தி கும்பாக் கல்வெட்டு, காரவேல மன்னன் இசைக்கலை வல்லவன் என்றும், ஆடலாலும் பாடலாலும் நகர மக்களை மகிழ்வித்தான் என்றும் கூறுகிறது. இவை கிறிஸ்து பிறப்பதற்கு முற்பட்டவை என்பது அறிஞர் பலரின் கருத்து. கி.பி. 12-ஆம் நூற்றாண்டில் பூரியின் பெருங்கோயிலை எடுப்பித்த அனந்தவர்மன் சோடகங்கன், தாய்வழியில் சோழர் குலத்தின் உறவினன் என்பது நாம் நினைவிற்கொள்ளத் தக்கது.

அக்கோயிலில் ஆடலும் பாடலும் இறைவனுக்குரிய நாள்வழிபாட்டின் பகுதிகளாயின. அப்பணிக்கு உரியவர்கள் மாஹரிகள் எனப்பட்ட பெண்கள். அவர்கள் ஜகந்நாதனையே கணவனாகக் கொண்டவர்கள் எனக் கருதப்பட்டனர். பகலில் நைவேத்திய வேளையில் ஆடுவதும், இரவில் இறைவன் துயில்கொள்ளுமுன் பாடுவதும் அவர்கள் தொழில். 1499-ஆம் ஆண்டில் பிரதாபருத்திர தேவன் பொறித்த கல்வெட்டொன்று, ஆடல் மகளிர் ஜயதேவரின் கீதகோவிந்தத்தையன்றி வேறு பாடலைக் கற்கலாகாது என ஆணையிடுகிறது. பழைய குழுவினர், தெலுங்கு நாட்டுக் குழுவினர் என வெவ்வேறு கூட்டத்தாரையும் அது குறிப்பிடுகிறது. ஒரு கோயிலின் கலைக்குப் பல நாட்டுக் கலைஞரும் உழைத்தனர் என்பது இதனால் விளங்கும்.

இனி, ஓவியர்களைக் காண்போம். ஆனித் திங்களையொட்டி வரும் பௌர்ணமியன்று பூரியில் மூர்த்திகளுக்கு நூற்றெட்டுக் குட நீரால் திருமஞ்சனம் நடைபெறும். அதனால் மூர்த்திகள் காய்ச்சலுற்றதாகக் கொண்டு, ஏறக்குறைய இரு வாரங்கள் அவர்களைப் பக்தர்கள் காணாவண்ணம் மறைத்து வைப்பர். அந்நாட்களில் அவர்களுக்குப் பதிலாக வழிபாடு பெறுபவை, சித்திரகாரர் என்னும் மரபினர் துணியில் தீட்டித் தரும் மூன்று படங்களே. தேர்த்திருவிழாவிற்குத் தேர்களை அணிசெய்வதும் அம்மரபினரே. எஞ்சிய காலத்தில் யாத்திரிகர்கள் ஊருக்கு எடுத்துச் செல்லும் சிறு படங்களை எழுதி விற்று அவர்கள் பிழைத்தனர்.

பட்டச்சித்திரம் என்னும் அவ்வோவியத்தின் செய்முறை பொறுமை வேண்டுவது. பழைய பருத்தித் துணிகளைப் புளியங்கொட்டைப் பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, சுண்ணப்பொடி பூசி, உலர்த்தி, கல்லால் தேய்த்து வழவழப்பாக்குவர். சங்கை அரைத்து வெள்ளையும், சாதிலிங்கத்தால் சிவப்பும், அரிதாரத்தால் மஞ்சளும், விளக்குப் புகையால் கருமையும் ஆக்கி, விளாம்பிசின் கலந்து எழுதுவர். துணியும் பசையும் வண்ணமும் ஆயத்தம் செய்வதில் வீட்டுப் பெண்டிரின் கைகளுக்குப் பெரும் பங்குண்டு.

மூன்றாமவர் கோட்டிபுவாக்கள். இச்சொல்லுக்கு ‘ஒற்றைச் சிறுவன்’ என்பது பொருள். கூர்தா மன்னர் இராமச்சந்திர தேவர் காலத்தில் இவ்வழக்கம் ஊக்கம் பெற்றதென மரபு கூறுகிறது. இளஞ்சிறுவர் பெண்வேடம் புனைந்து, உடற்பயிற்சிக் களங்களாகிய அகாடாக்களில் ஆடலும் பாடலும் மர்தளமும் பயின்று, திருவிழாக்களில் ஆடுவர். உடலை வில்லாக வளைக்கும் பந்தம் என்னும் நிலைகள் இவர்களுக்கே சிறப்பாக உரியவை. மர்தளம் என்பது நம் மத்தளத்தின் பெயரோடும் உருவோடும் நெருங்கிய முழவே. நரேந்திரக் குளத்தில் நடைபெறும் சந்தன யாத்திரையின்போது, ஒரு தோணியில் மாஹரியும் மற்றொரு தோணியில் கோட்டிபுவாவும் ஆடும் வழக்கம் இருந்தது. கருவறையின் கலையும் வீதியின் கலையும் அருகருகே மிதந்த காட்சி அது.

1803-இல் பூரி ஆங்கிலேயர் வசமாயிற்று. அரசர்களின் செல்வம் சுருங்கவே, கலைஞர்களின் மானியங்களும் சுருங்கின. மாஹரிகளை இழிவாகப் பேசும் புதிய மனப்பான்மை பரவியது. அச்சிட்ட மலிவுப் படங்கள் கடைகளுக்கு வந்ததும், யாத்திரிகர் கையெழுத்துப் படங்களை விட்டு அவற்றை நாடினர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சித்திரகாரர் பலர் தூரிகையை விட்டு வயல் வேலைக்கும் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் சென்றுவிட்டனர்.

இந்நிலையில்தான் பூரிக்கு அருகே, பார்க்கவி ஆற்றங்கரையிலுள்ள ரகுராஜ்பூர் என்னும் சிற்றூர் வரலாற்றில் இடம்பெறுகிறது. அவ்வூரில் 1926-இல் ஓவியர் குடும்பமொன்றில் பிறந்தவர் கேளுசரண் மகாபாத்திரர். தந்தையார் படம் எழுதுவதோடு முழவு வாசிப்பதிலும் வல்லவர். மகன் இளமையில் கோட்டிபுவா ஆட்டம் பயின்றார்; ராசலீலைக் குழுவொன்றில் நடித்தார்; மர்தளமும் தபலாவும் வாசித்தார்; பின்னர் கட்டக்கில் நாடக மேடையை அடைந்தார். அம்மேடையில் அவருக்கு வழிகாட்டியவர் பங்கஜ சரண் தாஸ். அவரோ மாஹரிக் குடும்பத்தில் வளர்ந்து, அம்மகளிரின் அபிநயத்தைக் கண்ணாரக் கண்டு கற்றவர். இவ்வாறு ஓவியர் வீட்டுப் பிள்ளையும் மாஹரி வீட்டுப் பிள்ளையும் ஒரு நாடகக் கொட்டகையில் சந்தித்தனர்.

1954-இல் தில்லியில் நடந்த பல்கலைக்கழக இளைஞர் விழாவில் பிரியம்வதா மொஹந்தி ஆடிய ஆட்டம், ஒடிசாவின் நடனத்தின்பால் வெளியார் கண்களைத் திருப்பியது. 1958-இல் தில்லியில் சங்கீத நாடக அகாதமி கூட்டிய நடனக் கருத்தரங்கில் காளிசரண் பட்நாயக் அக்கலையின் சாத்திரத் தகுதியை எடுத்துரைத்தார். அக்காலத்தில் ஆசிரியர்களும் அறிஞர்களும் ‘ஜயந்திகா’ என்னும் பெயரில் கூடி, மங்களாசரணம் முதல் மோட்சம் வரையிலான கச்சேரி முறையை வகுத்தனர். இன்று நாம் ஒடிஸி என வழங்கும் நடனம் அவ்வாறு உருப்பெற்றதே. அதில் மாஹரியின் பாவமுண்டு, கோட்டிபுவாவின் தாளக்கட்டுண்டு, கோயிற் சிற்பத்தின் முவ்வளைவு நிலையுண்டு. சென்னைக் கலாக்ஷேத்திரத்தில் பரதம் பயின்ற சஞ்சுக்தா பாணிகிராகி, கேளுசரணரின் மாணவியாகி ஒடிஸியை உலகறியச் செய்தார். சென்னையில் திரைப்படப் பாடகராயிருந்த அவர் கணவர் ரகுநாத பாணிகிராகி, அத்தொழிலைத் துறந்து மனைவியின் ஆடலுக்குப் பாடினார்.

ஓவியமும் மீண்டும் தளிர்த்தது. 1950-களில் ஒடிசாவில் தங்கியிருந்த ஹலினா ஸீலி என்னும் மேனாட்டு அம்மையார், கைவிடப்பட்ட தூரிகைகளை மீண்டும் எடுக்கும்படி சித்திரகாரரை ஊக்கி, அவர்தம் படங்களுக்குச் சந்தை தேடினார். ரகுராஜ்பூரில் இன்று துணியோவியத்தோடு, பனையோலையில் எழுத்தாணியால் கீறிய சித்திரங்களும் செய்யப்படுகின்றன. 2019-ஆம் ஆண்டு மே மாதம் ஃபானி புயல் அவ்வூரைத் தாக்கி, வீடுகளையும் ஓவியங்களையும் பெரிதும் அழித்தது. ஆயினும் ஓவியர் மறுபடியும் எழுதத் தொடங்கினர். கை பழகிய கலையைப் புயல் கொண்டுபோக இயலவில்லை.

ஆனால், இவ்வரலாற்றில் ஒரு கணக்கு நேர்ப்படவில்லை. கேளுசரணருக்கு 2000-ஆம் ஆண்டில் பத்மவிபூஷண் விருது கிடைத்தது. அது முற்றிலும் தகுதியானதே. ஒடிஸி நடனமோ நாடெங்கும் நல்ல குடும்பத்துப் பெண்கள் விரும்பிக் கற்கும் கலையாயிற்று. அந்நடனத்திற்குத் தம் அபிநயத்தை ஈந்த மாஹரிகள் மட்டும் அப்பெருமையில் பங்கு பெறாமலே குறைந்து வந்தனர். அம்மரபின் இறுதிப் பெண்மணிகளுள் ஒருவரான சசிமணி தேவி 2015-இல் மறைந்தார். பல நூற்றாண்டுத் திருப்பணியொன்று இவ்வாறு முடிவுற்றது.

சித்திரகாரர் மீண்டனர், ஏனெனில் அவர்களுடைய படத்தை வாங்குவாரும் படைத்தவரை மதிப்பாரும் ஒருங்கே கிடைத்தனர். மாஹரிக்கோ, அவளுடைய கலையை ஏற்பவர் கிடைத்தனரேயன்றி, அவளை ஏற்பவர் கிடைத்திலர். ஒரு வட்டாரத்தின் கலைகளைக் காப்போம் எனக் கூறும்போது, ஆடலையும் பாடலையும் ஓவியத்தையும் எண்ணுவதோடு அமையாது, அவற்றைச் சுமந்து வந்த மனிதர்களையும் எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும்.