செதாக்கா

செதாக்கா என்பது வறியோர்க்குக் கொடுக்கும்படி யூத சமயம் விதித்துள்ள கடமை. கொடுப்பவரின் இரக்கத்துக்கு விடாமல், ஏழையின் உரிமையாகவே யூதச் சட்டம் இதை வகுத்துள்ளது. ஈகையை நம்பி வாழ்பவரும் தம்மால் இயன்றதை இன்னொருவருக்குத் தரவேண்டும்.

வயலும் விளைச்சலும்

வயலின் ஓரத்தை அறுக்காமல் விடவேண்டும். சிந்திய கதிரையும் மறந்துபோன அரிக்கட்டையும் திரும்ப எடுக்கக் கூடாது. அவை ஏழை, அயலார், அனாதை, விதவை ஆகியோர்க்கு உரியவை (லேவியராகமம் 19, உபாகமம் 24). விவிலியத்தில் வரும் மோவாபியப் பெண் ரூத் பெத்லகேமில் கதிர் பொறுக்கியது இவ்வுரிமைப்படியே. ஏழாண்டுச் சுற்றில் மூன்றாம், ஆறாம் ஆண்டுகளில் விளைச்சலில் பத்திலொரு பங்கு ஏழைகளுக்கு ஒதுக்கப்பட்டது.

ஊர்ப்பொது நிதி

ஊர்தோறும் குப்பா என்னும் வாராந்தர நிதியும், தம்ஹூய் என்னும் அன்றாட உணவு வழங்கலும் இருந்தன. குப்பாவை இருவர் சேர்ந்து திரட்ட, மூவர் கூடிப் பங்கிட்டனர். யூதரல்லாத ஏழைகளையும் ஆதரிக்கச் சொல்கிறது யூதச் சட்டநூலான தல்மூத். வருவாயில் பத்திலொன்று தருவது பொது அளவு. கொடுத்தவரே வறியவராகாதிருக்க ஐந்திலொன்று மேல்வரம்பு.

எட்டுப் படிகள்

யூத அறிஞர் மைமோனிடிஸ் (இ. 1204) தம் சட்டத் தொகுப்பான மிஷ்னே தோராவில் ஈகையை எட்டுப் படிகளாக வரிசைப்படுத்தினார். முகம் சுளித்துக் கொடுப்பது கடைசிப் படி. கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவரையொருவர் அறியாதிருப்பது இரண்டாம் படி. கடன், கூட்டுத்தொழில், வேலை தந்து ஒருவரைச் சொந்தக்காலில் நிற்கவைப்பதே முதற்படி.

இந்தியாவில்

பாக்தாதிலிருந்து மும்பைக்குக் குடியேறிய யூத வணிகர் டேவிட் சசூன் (1792–1864) அளித்த கொடையால் எழுந்த புனே சசூன் மருத்துவமனை 1867இல் திறக்கப்பட்டது. இன்று அது அரசு மருத்துவமனையாக எல்லா மதத்தாருக்கும் பணிபுரிகிறது.

முத்துக்குளித்துறையில்

தூத்துக்குடிக் கரையில் யூத வழிவந்த ஒருவரின் அறப்பணி கிறித்தவ நெறியில் நிகழ்ந்தது. தம்பிரான் வணக்கம் (1578) என்னும் தமிழ் நூலை அச்சிட்ட அண்டிரிக் அடிகளார், போர்ச்சுகலில் யூத மரபினின்று கிறித்தவரான குடும்பத்தில் பிறந்தவர். அவர் புன்னைக்காயலில் நிறுவிய மருத்துவமனை, முத்துக்குளித்து வாழ்ந்த பரதவ மக்களின் நன்கொடையால் நடந்தது. ஏழைக்கான பொறுப்பை ஊரே ஏற்கவேண்டும் என்னும் எண்ணம் இரு நெறிகளுக்கும் பொதுவானது. அடிகளார் 1600இல் மறைந்து தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டார்.