மகிழடியும் மணப் பதிவேடும்

ஒரு திருமணம் நிகழ்ந்தது என்பதற்குச் சான்று யாது என்னும் வினா, மணம் இனிது நடைபெறுங்கால் எழுவதில்லை. இருவருள் ஒருவர் மறுத்தபோதும், ஒருவர் இறந்தபின் மற்றவர் உரிமை கோரும்போதுமே அஃது எழுகின்றது. இதனைச் சங்கச் சான்றோர் நன்கு உணர்ந்திருந்தனர். குறுந்தொகை 25-ஆம் பாட்டில் கபிலர் காட்டும் தலைவிக்குத் தலைவனையன்றிக் கரியாவார் வேறெவரும் இலர். அவ்விடத்து நின்ற குருகும் இரைமேற் கண்ணாக இருந்தது. அகநானூறு 256-ஆம் பாட்டில் ஒருவன் தான் நலம் உண்ட பெண்ணை அறியேன் என்று பொய்ச்சூள் உரைக்கின்றான். கள்ளூர் அவையத்தார் கரியாரை வினவி உண்மை தெளிந்து, அவனை மரக்கிளையிற் பிணித்து நீற்றினைத் தலையிற் பெய்தனர். தொல்காப்பியர் கற்பியலில் கரணம் தோன்றிய காரணத்தைக் கூறுமிடத்தும் சொற்பிறழ்ச்சியையே முன்வைக்கின்றார். ஆகவே கரணம் என்பது மங்கல வினை மட்டுமன்று. பலரறியச் செய்து, பின்னை மறுப்பிற்கு இடமில்லாமற் செய்யும் ஏற்பாடும் ஆம் என யாம் கொள்கின்றோம். இக்கருத்தை உரைகல்லாகக் கொண்டு, இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் முதலிய வடசென்னைக் கடற்கரை ஊர்களில் திருமணச் சான்று மரத்தடியிலிருந்து அரசுப் பதிவேட்டிற்கு வந்த வரலாற்றை ஈண்டு ஆராய்வாம்.

திருவொற்றியூரின் பழைய மணச்செய்தி சுந்தரருக்கும் சங்கிலியாருக்கும் நிகழ்ந்த மணமாகும். இதனைச் சேக்கிழார் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்தில் விரித்துரைக்கின்றார். ஞாயிறு என்னும் ஊரிற் பிறந்து ஒற்றியூரில் திருமாலை தொடுத்து வாழ்ந்த சங்கிலியாருக்கு ஓர் ஐயம் உண்டு. சுந்தரர் திருவாரூரில் பரவையாரோடு வாழ்பவர். இங்கு மணந்து பின்னர் நீங்கிவிடின் யாது செய்வது? பிரியேன் என்னும் சூளுறவே இதற்கு விடையாக அமைகின்றது. சுந்தரரோ கோயிலினுள்ளே சூளுரைக்குங்கால் இறைவன் கருவறை நீங்கி மகிழின்கீழ் இருத்தல் வேண்டும் என முன்னரே வேண்டிக் கொள்கின்றார். சங்கிலியார் சூளுறவை அம்மகிழின் அடியிலேயே செய்விக்கின்றார். பின்னர்ச் சூள் பிழைத்து ஊரெல்லை கடந்த அளவில் சுந்தரர் கண்ணொளி இழக்கின்றார். இப்பகுதியை அடியார் வரலாறாக மட்டும் படித்துச் செல்வோர் இதன்கண் உள்ள வழக்குமுறை நுட்பத்தைக் காணாது விடுவர். சான்று எவ்விடத்து வைக்கப்படுகின்றது என்பதே இங்குள்ள போராட்டம். சான்றை இடம் பெயர்த்துவிட்டால் சூள் வெறுஞ்சொல் ஆகிவிடும் என்பதை மணமகன் அறிவான், மணமகளும் அறிவாள். மாசித் திருவிழாவில் நிகழும் மகிழடி சேவை இச்செய்தியை ஆண்டுதோறும் ஊரார்க்கு நினைவூட்டுகின்றது.

மரம் கரியாக நிற்கும் இம்மரபு ஒற்றியூர்க்கு மட்டும் உரியதன்று. திருப்புறம்பியத்தில் மணந்த வணிகப்பெண்ணை மூத்தவள் இகழ்ந்தபோது, மணத்திற்குச் சான்றாயிருந்த வன்னியும் கிணறும் இலிங்கமும் மதுரைக்கு வந்து தோன்றியதைத் திருவிளையாடற் புராணம் கூறும். இரண்டு கதைகளிலும் சான்று வேண்டி நிற்பவர் பெண்ணே என்பது குறிக்கத்தக்கது.

எழுத்துச் சான்று தமிழகத்தில் இல்லாமையால் இந்நிலை ஏற்பட்டது என்று கூறுதல் பொருந்தாது. நிலவிற்பனைக்குச் சோழர் காலத்திலேயே ஆவணமும் ஆவணக்களரியும் இருந்தன. திருவொற்றியூர்க் கோயிற் சுவர்களில் பல்லவர், இராட்டிரகூடர், சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் விளக்கிற்கும் வழிபாட்டிற்கும் விட்ட கொடைகளைப் பொறித்து வைத்துள்ளன. தமிழ்க் கல்வெட்டுக்களில் கொடையளித்த பெண்ணை இன்னார் மணவாட்டி எனக் குறிக்கும் வழக்கம் உண்டு. அங்கு மணவுறவு இடைப்பிறவரலாக எழுதப்படுகின்றதேயன்றி அதன்பொருட்டே எழுதப்படுவதில்லை. 1425-ஆம் ஆண்டளவில் விரிஞ்சிபுரத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டு, பொருள் பெறாது பெண் கொடுத்தல் வேண்டும் எனப் படைவீட்டு இராச்சியத்து அந்தணர் செய்த உடன்பாட்டைக் கூறும். அதுவும் மணத்தைப் பற்றிய விதியே; ஒரு மணத்தின் பதிவன்று. நிலம் எழுதப்பட்டது, இல்லறம் எழுதப்படவில்லை.

மணத்தை ஏட்டில் எழுதும் வழக்கம் இக்கடற்கரைக்குத் திருச்சபைகளின் வழியே வந்தது. 1563-இல் திரெந்து சங்கம், பங்குக் குருவும் இரண்டு மூன்று சாட்சிகளும் முன்னிற்க மணம் நிகழ்தல் வேண்டும் என்றும், அதனை ஏட்டிற் பதிதல் வேண்டும் என்றும் விதித்தது. செயின்ட் சார்ச்சுக் கோட்டையில் 1680-இல் தூய மரியாள் கோயில் திறக்கப்பட்டபோது அதன் மணப் பதிவேட்டின் முதற்குறிப்பு எலிகு யேலின் திருமணமாக அமைந்தது. 1753-இல் இராபர்ட்டு கிளைவின் மணமும் அங்கேயே பதியப்பட்டது. இத்தகைய பதிவுகளின் படிகள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. பெரும்பாலும் அவை ஐரோப்பியர்க்கும் ஆங்கிலோ இந்தியர்க்கும் உரியவை. இராயபுரத்தில் வாழ்ந்த இருப்புப்பாதை ஊழியர் குடும்பத்தின் வழித்தோன்றல் ஒருவர் தம் முன்னோர் மணத்தை இலண்டனிலே தேடிக் காண இயலும். அடுத்த தெருவிலிருந்த படகோட்டியின் வழித்தோன்றலுக்கு அவ்வழி இல்லை.

இராயப்பர், அதாவது பேதுருவின் பெயரால் வழங்கும் இராயபுரத்தில் படகுத் தொழிலாளர் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பிய தூய பேதுரு கோயில் இன்றும் உள்ளது. மணத்திற்குமுன் கோயிலில் மும்முறை அறிவித்தலைத் தமிழ்க் கிறித்தவர் ஓலை வாசித்தல் என்றே வழங்குவர். தாள் வந்து நூற்றாண்டுகள் கழிந்தும் ஓலை என்னும் சொல் நீங்காதிருத்தல் மொழியாராய்ச்சியாளர்க்கு விருந்தாகும்.

1872-ஆம் ஆண்டு நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. சான்றுச் சட்டம், தனித் திருமணச் சட்டம், இந்தியக் கிறித்தவர் திருமணச் சட்டம் ஆகிய மூன்றும் அவ்வோராண்டிலேயே இயற்றப்பட்டன. இவற்றுள் கிறித்தவர் சட்டத்தை நுணுகி நோக்குதல் வேண்டும். அமெரிக்க நாட்டில் மணம்புரிய விழையும் இருவர் கவுண்டி அலுவலகத்திற்குச் சென்று உரிமம் பெறுகின்றனர்; மணம் முடிந்தபின் அவ்வுரிமம் நிரப்பப்பட்டு அதே அலுவலகத்திற்குத் திரும்பிப் பதிவாகின்றது. நம் நாட்டுச் சட்டத்திலோ உரிமம் என்னும் சொல் மணப்போரைக் குறியாமல், பெரும்பாலும் மணம் செய்விப்போரைக் குறிக்கின்றது. சமயப் பணியாளர்க்கு மணம் செய்விக்கும் உரிமமும், அவரல்லாத கிறித்தவர் ஒருவர்க்கு உள்நாட்டுக் கிறித்தவர் மணத்திற்குச் சான்றிதழ் வழங்கும் உரிமமும் அரசால் அளிக்கப்பட்டன. திருமணப் பதிவாளர்க்கு முன்னறிவிப்புக் கொடுத்துச் சான்றிதழ் பெறும் முறையும் உண்டு. அமெரிக்க உரிமத்திற்கு அணித்தாயது அதுவே.

அச்சட்டத்தின் ஆறாம் பகுதி உள்நாட்டுக் கிறித்தவர்க்கு உரியது. கத்தோலிக்கர் மணம் அதன் புறத்தது. முன்னறிவிப்பின்றியே மணம் செய்ய அப்பகுதி இடமளித்தது. மணமகன் 16 ஆண்டும் மணமகள் 13 ஆண்டும் கடந்திருத்தல் வேண்டும் என்பது அன்றைய விதி. இவ்வரம்புகள் பின்னர் உயர்த்தப்பட்டன. உரிமம் பெற்றவரும் நம்பத்தக்க இரு சாட்சிகளும் முன்னிற்க, அங்கிருப்போரைக் கரியாக அழைத்து ஒருவரையொருவர் ஏற்கும் சொற்களை இருவரும் கூறுதல் வேண்டும். நான்கணா செலுத்தினால் சான்றிதழ் கிடைக்கும். பதிவேட்டை ஆங்கிலத்திலோ அவ்வட்டார வழக்குமொழியிலோ எழுதலாம் என்பது சட்டம். எனவே தமிழில் மணப்பதிவு எழுத அரசுச் சட்டமே அன்று இடம் வைத்தது. அத்தகைய ஏடுகளைத் தமிழ் உரைநடை வரலாற்றுக்கும் குடிப்பெயர் ஆராய்ச்சிக்கும் மூலங்களாக நம் துறையினர் கருதாதிருத்தல் பெருங்குறை.

பிறர்க்கு விதிகள் வேறு. 1880-ஆம் ஆண்டுக் காசிகள் சட்டம் முதற்கண் சென்னை மாகாணத்திற்கே பொருந்துவதாயினும், காசியார் முன்னிருத்தலைத் திருமணத்திற்கு இன்றியமையாததாக ஆக்கவில்லை. பார்சியர்க்கோ 1865-ஆம் ஆண்டிலிருந்தே பதிவு உண்டு. 1936-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மதகுருவும் மணமக்களும் இரு சாட்சிகளும் ஒப்பமிட்ட சான்றிதழ் இரண்டு உரூபாய்க் கட்டணத்துடன் பதிவாளர்க்குச் செல்லல் வேண்டும். 1910-இல் அக்கினிக்கோயில் கண்ட இராயபுரத்துச் சிறு பார்சிக் குடியினர் இவ்வகையில் தம் அண்டை வீட்டாரினும் முன்நின்றனர்.

மக்களுள் மிகப் பெரும்பாலராகிய இந்துக்களுக்கு ஏடே இல்லை. 1872-ஆம் ஆண்டுத் தனித் திருமணச் சட்டத்தின்கீழ்ப் பதிவுசெய்ய விரும்புவோர் இந்து, கிறித்தவம் முதலிய சமயங்களைத் தழுவாதவர் என உறுதி கூறல் வேண்டும். 1923-இல்தான் அக்கட்டு இந்து, பௌத்தர், சீக்கியர், சமணர்க்குத் தளர்ந்தது. இதன் விளைவு சுயமரியாதைத் திருமணங்களில் வெளிப்பட்டது. 1934-இல் அம்முறையில் நடந்த மணமொன்றைச் சென்னை உயர்நீதிமன்றம் 1953-இல் செல்லாது என்றது. மணம் நிகழ்ந்ததைக் கண்டோர் இருந்தும், சடங்கு இல்லை, வழக்காறும் இல்லை என்பது முடிபு. அண்ணாதுரை அமைச்சரவை 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவைச் சேர்த்தது. 1968 சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் முதலியோர் முன்னிலையில் மாலை மாற்றினும், மோதிரம் அணியினும், தாலி கட்டினும் மணமே என்றும், முன்னர் நடந்தனவும் செல்லும் என்றும் அது விதித்தது. பலரறிதலே கரணத்தின் உயிர் என்னும் பழங்கருத்துக்குச் சட்டமன்றம் ஒப்பம் அளித்ததாகவே யாம் இதனைக் காண்கின்றோம். ஆயினும் ஏடு அப்போதும் கட்டாயமாகவில்லை.

இதற்கிடையே கடற்கரையின் வாழ்வு மாறியது. துறைமுகமும், 1856-இல் தொடங்கிய இராயபுரம் இருப்புப்பாதை நிலையமும், பின்னர்த் திருவொற்றியூர், எண்ணூர்த் தொழிற்சாலைகளும் பல மாவட்டத்தாரை ஈர்த்தன. மணம் சொந்த ஊரில், வாழ்க்கை இங்கே. மணத்தைக் கண்ட ஊரார் அருகில் இலர். 1952-ஆம் ஆண்டு வருங்கால வைப்புநிதிச் சட்டமும், 1971-ஆம் ஆண்டுக் குடும்ப ஓய்வூதியத் திட்டமும் தொழிலாளியின் மனைவிக்குப் பணவுரிமை அளித்தன. உரிமை வந்தவுடன் இவள் மனைவிதானா என்னும் வினாவும் உடன் வந்தது.

1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு பதிவிற்கு வழி செய்தது. பதியாமையால் மணம் கெடாது என்றும் கூறியது. 2006-இல் உச்சநீதிமன்றம் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்விக்க மாநிலங்களைப் பணித்தது. பதிவு தானே மணம் செல்லும் என்பதற்கு முடிந்த முடிபாகாது, ஆயினும் சான்று என்னும் வகையில் பெருமதிப்புடையது என்று தெளிவுறுத்தியது. அதன்வழி எழுந்த தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 நவம்பர் 24 முதல் சமய வேறுபாடின்றி 90 நாட்களுக்குள் பதிவைக் கட்டாயமாக்கியது. தாழ்ப்பின் மேலும் 60 நாட்கள் கூடுதற் கட்டணத்துடன் உண்டு. 2024-இல் உச்சநீதிமன்றம் கரணமே நிகழாது பெற்ற இந்துத் திருமணப் பதிவு மணமாகாது என்றும் கூறியது. ஏடு கரியே, கரணம் அன்று.

2009-க்கு முன் மணந்தோர்க்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழேனும், 1954-ஆம் ஆண்டுத் தனித் திருமணச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்கீழேனும் பதிவு செய்ய வழி உண்டு. பின்னதில் விண்ணப்பத்தில் இருவரும் ஒப்பமிடல் வேண்டும். 30 நாட்கள் அறிவிப்பும் வேண்டும். கணவன் ஆலையிலோ கடலிலோ இறந்துபட, ஓய்வூதியம் கோரி வரும் கைம்பெண்ணுக்கு அவ்வழி அடைபட்டதே. அவள் அழைப்பிதழையும், மண்டபச் சீட்டையும், குடும்ப அட்டையையும், அண்டை அயலார் சொல்லையும் கொண்டே அலுவலகப் படியேறுகின்றாள்.