ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கப் போறீங்களா? முதலில் மைக்கை எண்ணுங்க

பாலிங் வட்டாரத் தோட்டங்களில் பாட்டிமார் பாடும் தாலாட்டு, கோயில் திருவிழா உறுமி மேளம் இரண்டையும் தெளிவாகப் பதிவு செய்ய ஆசையா? மைக் ஒலியைக் கணினிக்கு ஏற்ற எண்வடிவமாக மாற்றும் பெட்டிதான் ஆடியோ இன்டர்ஃபேஸ்.

எத்தனை மைக்?
ஒரே நேரத்தில் எத்தனை மைக் பதிவாகணும் என்பதுதான் முதல் கேள்வி. தனிக்குரலுக்கு ஒன்று போதும். உறுமிக் குழுவில் ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாகப் பதிய எட்டு வரை வேணும். பெட்டியின் பெயரில் உள்ள எண்ணை மட்டும் நம்பாதீங்க. ஸ்கார்லெட் 18ஐ20-இல் 18 உள்ளீடுகள் உண்டு. ஆனால் மைக்கை நேரடியாகச் செருக 8 மட்டுமே.

மின்சாரம் எங்கிருந்து?
சிறிய பெட்டிகள் பெரும்பாலும் மடிக்கணினியின் யூஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடும். எட்டு மைக் பெட்டிக்குப் பொதுவாகத் தனி மின்இணைப்பு தேவை. திருவிழாவுக்குப் போகும் முன் அதைக் கேட்டு வச்சுக்கோங்க. கண்டன்சர் மைக் என்றால் பெட்டியில் 48 வோல்ட் ஃபேண்டம் பவர் இருக்கணும். உறுமிக்கு அருகில் வைக்க டைனமிக் மைக் ஏற்றது. பெரும்பாலான டைனமிக் மைக்குகளுக்கு அந்த மின்சாரம் வேண்டாம்.

எப்படிப் பதிவது?
24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். 192 என்ற விளம்பரத்துக்காக அதிகம் செலவழிக்க வேண்டாம். பலத்த அடியிலும் மீட்டர் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றியே நிற்கட்டும். சிவப்பு விளக்கு எரிந்து ஒலி கிழிந்தால், பிறகு சரிசெய்வது கடினம். ஹெட்ஃபோனில் குரல் தாமதமாகக் கேட்டால் டைரக்ட் மானிட்டர் வசதியைப் பயன்படுத்துங்க.

பதிவு முடிந்ததும் இரண்டு இடத்தில் சேமியுங்க. இன்னொரு திருவிழாவுக்கு ஒரு வருஷம் காத்திருக்கணும்.