ஷீலே முதல் ஒரத்துப்பாளையம் வரை: குளோரின் வந்த வழி

தனிம அட்டவணையில் 17ஆவது தொகுதிக்கு ஹாலஜன்கள் என்று பெயர். கிரேக்கத்தில் 'உப்பை உண்டாக்குவது' என்று அர்த்தம். நொய்யல் கரைக்காரங்களுக்கு இந்தப் பேரை விளக்கவே வேண்டாம்.

1774ல் ஸ்வீடனின் ஷீலே குளோரினைப் பிரித்தெடுத்தார். 1785ல் பிரான்சின் பெர்த்தோலே அதை வைத்துத் துணி வெளுத்துக் காட்டினார். அதுவரை ஐரோப்பாவில் துணியை வாரக்கணக்கில் புல்வெளியில் காயப்போட்டுத்தான் வெளுத்தார்கள். 1799ல் பிளீச்சிங் பவுடருக்குக் காப்புரிமையே வாங்கியாச்சு. ஆனால் குளோரின் ஒரு தனிமம் என்று டேவி சொன்னது 1810ல்தான். அதாவது, அது என்னன்னு தெரியறதுக்கு முன்னாடியே தொழில் ஓட ஆரம்பிச்சிருச்சு.

குளோரினுக்கு வெளிக்கூட்டில் 7 எலக்ட்ரான்கள். ஒன்று கிடைத்தால் எட்டாகிவிடும். அந்த ஒன்றுக்கான பசிதான் துணியின் பழுப்பைச் சிதைக்கிறது. கிடைத்த பிறகு அது குளோரைடு. அட்டவணையில் பக்கத்து வீட்டு ஆர்கானின் அதே எலக்ட்ரான் அமைப்பு. அப்புறம் பரம சாது.

சிக்கலே இந்தச் சாதுத்தனம்தான். 1956ல் ஐசிஐ நிறுவனம் பருத்திக்கான ரியாக்டிவ் சாயத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தச் சாய மூலக்கூறில் இருக்கும் குளோரின் விலகிக்கொள்ள, அந்த இடத்தில் பருத்தி பிணைகிறது. சாயம் வெளுக்காமல் நிற்பது இதனால்தான். ஆனால் தண்ணீரில் சாயத்துக்கும் நூலுக்கும் ஒரே எதிர்மின்னூட்டம், ஒன்றையொன்று தள்ளும். அதை அடக்க உப்பு வேண்டும். அடர் நிறம்னா லிட்டருக்கு 50 முதல் 80 கிராம் வரைகூட போடுவாங்க. அந்த உப்பு துணியில் தங்காது. மொத்தமும் கழிவுநீரில்தான்.

சாயத்தின் நிறத்தை நீக்கலாம், நுண்ணுயிர்களை விட்டுக் கழிவைத் தின்னவைக்கலாம். குளோரைடை எதுவும் தின்னாது. நீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. சுத்திகரித்த தண்ணியும் அதைத் தாண்டியது. பாசனத்துக்காகக் கட்டி 1992ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது. கீழ்ப்பக்கத்து வயலும் கிணறும் உப்பாச்சு. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது.

இன்றைய 'ஜீரோ டிஸ்சார்ஜ்' முறையில் குளோரைடை அழிப்பதில்லை. சவ்வூடு வடிகட்டி, ஆவியாக்கி, உப்பைப் பிரித்து, முடிந்தவரை மறுபடி சாயத்தொட்டிக்கே அனுப்புகிறார்கள். கலப்பு உப்பு மூட்டைகளாக மிஞ்சுகிறது. ஆற்றுக்குப் போனது இப்போ குடோனில் நிற்கிறது, அவ்வளவுதான். அதுக்கு ஒரு வழி கண்டுபிடிக்கும்வரை இந்தக் கணக்கு முடியாது.